வானம் பார்த்து எறிந்தவர்

2024 அக்டோபர் 23 அன்று என் மேசைக்கு வந்த செய்திகளில் அதுவும் ஒன்று. லாஸ் ஏஞ்சலீஸில் முன்னாள் பேஸ்பால் வீரர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா காலமானார். வயது 63. ஆறு வரியில் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். தந்துவிட்டேன்.

‘பிட்சர்’ என்பதற்கு முதலில் ‘பந்துவீச்சாளர்’ என்று போட்டிருந்தேன். உறுத்தியது. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் குற்றம். பேஸ்பாலில் அதுதான் தொழிலே. ‘எறிவீரர்’ என்று திருத்தினேன். தமிழ் எம்.ஏ. படித்த கர்வத்துக்குத் திருப்தி. மாலையில் டி.வி.யில் அவருக்காக அழுதவர்களைப் பார்த்த பிறகுதான், அந்த ஆறு வரியில் எதையெல்லாம் விட்டுவிட்டேன் என்று தேட ஆரம்பித்தேன்.

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் ஒரு குக்கிராமம். வீட்டில் 12 குழந்தைகள், இவர் கடைக்குட்டி. 1981இல் டாட்ஜர்ஸ் அணியின் சீசன் முதல் ஆட்டத்தில் எறிய வேண்டியவருக்குக் காயம். 20 வயது வலென்சுவேலாவை இறக்கினார்கள். அதில் தொடங்கி முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. ஐந்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. சிறந்த புதுமுகம், லீகின் சிறந்த எறிவீரர் என்ற இரண்டு விருதுகளையும் ஒரே சீசனில் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. எறிவதற்கு முன் கண்கள் வானத்தைப் பார்க்கும். பிறகு இடது கையிலிருந்து கிளம்பும் ‘ஸ்க்ரூபால்’, வலதுகை ஆட்டக்காரரை விட்டு வெளியே விலகும்.

ஆனால் ரசிகர்கள் அழுதது புள்ளிவிவரத்துக்காக அல்ல. டாட்ஜர்ஸ் மைதானம் இருக்கும் சாவேஸ் ரவீன் ஒரு காலத்தில் மெக்சிகோ வம்சாவளியினரின் குடியிருப்பு. அரசு வீடுகள் கட்டப்போவதாகச் சொல்லி 1950களில் அவர்களைக் காலிசெய்ய வைத்தார்கள். வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. 1962இல் மைதானம் திறக்கப்பட்டது. அந்த வாசலை மிதிப்பதில்லை என்றிருந்த குடும்பங்கள் உண்டு. அவர்களை உள்ளே அழைத்து வந்தது தங்கள் முகமும் தங்கள் மொழியும் கொண்ட இந்தப் பையன். மைதான வாசலில் பூ வைத்தவர்களுக்கு அவருடைய பெயர், தாத்தாவோடும் அப்பாவோடும் ஆட்டம் பார்த்த நாட்களின் பெயர்.

என்னை அதிகம் தொட்டவர் ஹைமே ஹரின். ஈக்வடாரில் பிறந்த ஸ்பானிய வர்ணனையாளர். ஆங்கிலம் பேசாத வலென்சுவேலாவின் பதில்களை 1981இல் நிருபர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் இவர்தான். 2003இல் வலென்சுவேலா ஸ்பானிய வானொலி வர்ணனைக்கு வந்து, அதே ஹரினோடு மைக் முன் உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிடப் பெரிய கூலி என்ன இருக்கிறது?

1991இல் அவரை விடுவித்த அணி, அவருடைய 34ஆம் எண்ணை அதன்பின் யாருக்கும் தரவில்லை. 2023இல் அதற்கு முறைப்படி ஓய்வு கொடுத்தது. அவர் இறந்த சில நாட்களில், 34 பொறித்த சட்டையோடு ஆடிய டாட்ஜர்ஸ், யாங்கீஸை வென்று சாம்பியன் ஆனது. வெற்றி ஊர்வலம் நவம்பர் 1 அன்று. அன்று அவருக்கு 64ஆவது பிறந்தநாள்.

என் ஆறு வரிகளில் பிழை ஏதுமில்லை. ‘எறிவீரர்’கூடச் சரியான சொல்தான். சாவேஸ் ரவீனும் ஹரினும்தான் அதில் இல்லை. அந்தக் கடன் தீரத்தான் இதை எழுதினேன்.