பாஸ்புக்கும் ஒரு பழைய கேள்வியும்

திருவனந்தபுரம், கரமனை அக்ரஹாரம். ஏஜீஸ் ஆபீஸில் முப்பது வருடங்களுக்கு மேல் ஊரார் கணக்கைச் சரிபார்த்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர், காலை நாளிதழை மடித்து வைத்துவிட்டுக் காபிக்குக் காத்திருக்கிறார். காபிக்கு முன்னால் வந்தது ஒரு பாஸ்புக். கொண்டுவந்தவர் அடுத்த வீட்டுப் பெண்மணி. கணவர் விட்டுப்போன பி.எஃப். பணம் முழுக்க ஒரு கூட்டுறவு சங்கத்தில் கிடக்கிறது. "மாமா, இது பத்திரமா இருக்குமோ?"

பயம் நியாயமானதுதான். 2021ல் திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் கூட்டுறவு வங்கி முறைகேடு வெடித்தது. 2023ல் தலைநகருக்குப் பக்கத்திலேயே கண்டலா. சொந்தப் பணத்துக்காக வாசலில் நின்றவர்களைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். இத்தனைக்கும் கூட்டுறவுச் சட்டப்படி ஆண்டுதோறும் தணிக்கை உண்டு.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்தே இந்த ஊர் கேட்டுவரும் கேள்வி இது.

கே.சி. மாம்மன் மாப்பிளையின் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் சி.பி. மாத்தனின் கொல்லம் வங்கியும் 1937ல் ஒன்றாயின. 1938 ஜூனில் கதவு மூடியது. மோசடி வழக்கு, இருவருக்கும் சிறை. வங்கி உள்ளுக்குள் அழுகிவிட்டது என்றது திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் தரப்பு. மாம்மன் மாப்பிளை 'மலையாள மனோரமா'வின் ஆசிரியர். திவானுக்கு ஆகாத பத்திரிகை அது. அதே ஆண்டில் அதுவும் பூட்டப்பட்டது. திவானின் கண் கணக்கின் மேல் இருந்ததா, ஆசிரியர் மேல் இருந்ததா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அப்போது மூன்றே வயதான ரிசர்வ் வங்கி காப்பாற்ற முன்வரவில்லை. டெபாசிட்தாரர்களுக்கு அந்த அரசியல் எதிலும் பங்கில்லை, நஷ்டத்தில் மட்டும் பங்கு கிடைத்தது.

இருபத்திரண்டு வருடம் கழித்து நேர்மாறான கதை. பாலை சென்ட்ரல் வங்கி அப்போது கேரளத்தின் மிகப் பெரிய வங்கி. கடன்களில் கணிசமான பகுதி திரும்பி வராது என்பதை ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 1951லேயே கண்டுவிட்டார்கள். திருந்த அவகாசம் தரப்பட்டது. ஒன்பது வருட அவகாசம்! அந்த ஆண்டுகளிலும் மக்கள் நம்பிக்கையோடு பணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளரின் கோப்பில் என்ன இருந்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. 1960 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய் வங்கியை மூட வைத்தது. ரிசர்வ் வங்கி கேட்டால் நீதிமன்றம் மூடியே ஆக வேண்டும் என்ற சட்டப்பிரிவை, 1962ல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது.

சொல்லியிருந்தால் மறுநாளே கூட்டம் கூடி வங்கி விழுந்திருக்கும் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ரகசியத்துக்கு விலை கொடுத்தவர் யார்?

அந்த அடியில் பிறந்ததுதான் டெபாசிட் இன்ஷூரன்ஸ். 1962 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு. இன்றைய உச்சவரம்பு, 2020ல் உயர்த்தப்பட்ட 5 லட்சம். ஆனால் அடுத்த வீட்டுப் பெண்மணியின் பணம் இந்தக் குடைக்குள் வராது. பெயரில் 'வங்கி' என்று போட்டுக்கொள்ளும் கூட்டுறவு சங்கங்களின் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பு இல்லை என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. மாநிலத்தின் உத்தரவாத நிதி வேறு ஏற்பாடு.

கண்காணிப்பில் கோட்டை விடுவது நமக்கு மட்டுமே வாய்த்த கலை அல்ல. ஜப்பானில் நிதி அமைச்சகமே காப்பீட்டு நிறுவனங்களுக்கு வளர்ப்புத் தாய், அதுவே காவல்காரர். ஓய்வுபெறும் அதிகாரிகள், தாங்கள் கண்காணித்த நிறுவனங்களிலேயே நாற்காலி பிடிப்பது அங்கே பழகிப்போன வழக்கம். நல்ல காலத்தில் கூடுதல் லாபம் தருவதாக வாக்குக் கொடுத்த நிஸ்ஸான் மியூச்சுவல் லைஃப் 1997ல் விழுந்தது. பாலிசிதாரர்களுக்குச் சொன்ன லாபம் வெட்டப்பட்டது. அதற்கடுத்த ஆண்டுதான் கண்காணிப்பு அமைச்சகத்திடமிருந்து பிரிந்து தனி அமைப்பானது. கனேபோ நிறுவனத்தின் பொய்க் கணக்குக்குத் துணைபோன விவகாரத்தில், சூவோ ஆயாமா என்ற பெரிய தணிக்கை நிறுவனத்தின் முக்கியப் பணிகளை 2006ல் இரண்டு மாதம் அரசு நிறுத்தி வைத்தது. தணிக்கையாளருக்கே தண்டனை! ஏஜீஸ் ஆபீஸ் பெரியவருக்கு இந்தச் செய்தியில் மட்டும் தனி ருசி.

கடைசியில் அவர் பாஸ்புக்கைப் புரட்டினார். வரவுகள் எல்லாம் சரியாக இருந்தன. அதில் அவருக்கு ஆச்சரியமில்லை. பாஸ்புக்கில் தப்பு இருக்காது, தப்பு இருப்பது கடன் பதிவேட்டில். "சங்கத்துக்குப் போய் போன வருஷத்துத் தணிக்கை அறிக்கையைக் கேளு. வராக் கடன் எவ்வளவுன்னு பாரு. ஒரே சொத்தைக் காட்டி எத்தனை பேர் கடன் வாங்கியிருக்கான்னு விசாரி."

"கேட்டா கிட்டுமோ மாமா?"

டெபாசிட் முதிர்வுத் தேதி வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை தானும் கூட வருவதாகச் சொல்லிவிட்டு, பெரியவர் ஆறிப்போன காபியை எடுத்தார்.