அழியாத எழுத்து

கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகிறோம். சில நொடிகளில் திரை ஒளிர்கிறது. நம் வேலையைத் தொடங்கிவிடுகிறோம். இடைப்பட்ட அந்தச் சில நொடிகளில் உள்ளே என்ன நடந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. நலமாக இருப்பவர் தம் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருப்பதில்லை அன்றோ? பொறி ஒருநாள் தொடங்க மறுக்கும்போதுதான், தொடங்குதல் என்பதே எத்துணை நுண்மையான செயல் என்பது நமக்குப் புலனாகிறது.

பொத்தானை அழுத்தியவுடன் கணிப்பொறி வேலையில் இறங்கிவிடுவதில்லை. பவர் சப்ளை என்னும் பகுதி வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் எனச் சிறு அளவுகளாக மாற்றுகிறது. அவ்வளவுகள் நிலைபெற்றுவிட்டன என்ற அடையாளம் வரும்வரை, பொறியின் மூளையாகிய பிராசஸர் கைகட்டிக் காத்திருக்கிறது. அடையாளம் வந்ததும், முன்னரே குறிக்கப்பட்ட ஒரே முகவரிக்குச் சென்று அங்குள்ள முதல் கட்டளையைப் படிக்கிறது. அக்கட்டளை பொறி தானாக எழுதிக்கொண்டதன்று. அதைச் செய்தவர்கள் ஒரு சிறு சில்லில் எழுதி வைத்தது. பயாஸ் என்று அதற்குப் பெயர். அது நினைவகத்தையும் விசைப்பலகையையும் திரையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறி, எல்லாம் நலம் என்றால் ஒருமுறை சுருக்கமாக ஒலி எழுப்பும். அதன்பின் தட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட் அளவேயான சிறு பகுதி படிக்கப்படும். அது தன்னினும் பெரியதை எழுப்பும். அது இன்னும் பெரியதை எழுப்பும். இன்றைய புதிய பொறிகளில் பயாஸின் இடத்தை வேறோர் அமைப்பு பெற்றுவிட்டது. ஆயினும், முதல் அடி பிறரால் தரப்பட்டது என்ற நிலை மாறவில்லை.

இவ்வெழுச்சிக்கு ஆங்கிலத்தில் ‘பூட்’ என்று பெயர். காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்னும் பழைய சொல்வழக்கிலிருந்து வந்தது அது. நடக்கவியலாத செயலைக் குறிக்கும் கேலிமொழி அது என்பதை நினைவிற்கொள்க. 1975இல் விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800 என்னும் பொறியை வாங்கியவர்கள், முகப்பிலிருந்த சிறு விசைகளை மேலும் கீழுமாகத் தட்டித் தட்டி முதல் நிரலைத் தம் விரல்களாலேயே ஊட்ட வேண்டியிருந்தது. தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் பொறி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இவற்றையெல்லாம் நாங்கள் கல்லூரியில் கற்றவர்கள் அல்லர். பங்கு அலுவலகத்தில் பதிவேட்டுப் பணிக்கு உதவி வரும் எங்கள் மூவருக்கும் இவை தெரியவந்தது, 2019ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அலுவலகக் கணிப்பொறி தொடங்க மறுத்த நான்கு நாள்களில்தான்.

பதிவேடுகளைப் பற்றி இங்கே ஒரு சொல். திருமண, திருமுழுக்குப் பதிவேடுகளைப் பங்குகள் பேணவேண்டும் என்று 1563ஆம் ஆண்டிலேயே திரெந்து பொதுச்சங்கம் பணித்தது. எங்கள் பங்கின் ஏடுகள் 1911இலிருந்து இருக்கின்றன. பழையவை இலத்தீன் மொழியில், பல குருக்களின் கையெழுத்தில் அமைந்தவை. மை தாளை அரித்திருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் ஓரம் பொடியாக உதிர்கிறது. ஓய்வு பெற்ற எங்கள் உபதேசியார் 2013இல் இவ்வேடுகளுக்கு ஓர் அகரவரிசை அட்டவணை செய்யத் தொடங்கினார். பிள்ளையின் பெயர், தந்தை, தாய், ஊர், ஏட்டின் எண், பக்கம் என்று ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். 1940 வரையிலான பகுதியின் நகல் மறைமாவட்ட அலுவலகத்தில் இருந்தது. 1941 முதல் 1952 வரையிலான ஏட்டை அவர் நோயோடு போராடிக்கொண்டே முடித்தார். முடித்த மூன்றாம் வாரம், தவக்காலத்தில், இறைவனடி சேர்ந்தார். அந்த இறுதிப் பகுதி அலுவலகக் கணிப்பொறியினுள் மட்டுமே இருந்தது.

மே மாதத்தில், திருவிழாவை முன்னிட்டு அலுவலகத்திற்கு வெள்ளையடித்தார்கள். பொறியின் இணைப்புகளைக் கழற்றி, மூன்று வாரம் ஓர் ஓரமாக மூடி வைத்திருந்தனர். விழா முடிந்து மீண்டும் பொருத்திப் பொத்தானை அழுத்தியபோது விசிறி சுழன்றது. செய்தவர் முத்திரை தோன்றியது. விண்டோஸின் நால்வண்ணக் கொடியும் மலர்ந்தது. மறுகணம் ஒரு நீலத்திரை மின்னி மறைய, பொறி தானாக அணைந்து மறுபடி தொடங்கியது. மீண்டும் கொடி, மீண்டும் நீலத்திரை. வாசல்வரை வந்து திரும்பிப் போகும் ஒருவரைப் போல அது சுற்றிக்கொண்டே இருந்தது.

அதே வாரத்தில்தான் அந்த மூதாட்டி வந்திருந்தார். எழுபதைக் கடந்திருக்கலாம், பிறந்த ஆண்டு அவருக்கே தெரியாது. குழந்தைப் பருவத்தில் பெற்றோர் இருவரையும் இழந்து, தொலைவூரில் வேற்றுச் சமய உறவினர் வீட்டில் வளர்ந்தவர். தந்தையின் பெயரும் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு சிற்றூரின் பெயரும் மட்டுமே அவரிடம் எஞ்சியிருந்தன. “எனக்குச் சின்னதுல ஞானஸ்நானம் கொடுத்தாங்களா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும் சாமி” என்று பங்குத்தந்தையிடம் கேட்டார். எளிய கேள்விதான், ஆனால் பதில் எளிதன்று. திருமுழுக்கு ஒருவருக்கு ஒருமுறையே தரப்படும். அதை மீண்டும் தருதல் ஆகாது என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 845ஆம் பிரிவு. ஐயம் இருப்பின் முதலில் கருத்தோடு விசாரித்தறிய வேண்டும். விசாரிப்பதற்கான வழியோ தொடங்காத பொறியினுள் இருந்தது.

பழுது பார்க்க ஒருவரை வரவழைத்தோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “விண்டோஸ் போயிடுச்சு. ஃபார்மட் பண்ணிடலாம், ஒரு மணி நேர வேலை” என்றார். ஃபார்மட் என்பது தட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது. அதன்பின் பொறி புதியதுபோல் ஓடும் என்பதில் ஐயமில்லை; உபதேசியாரின் இறுதி உழைப்பு மட்டும் இருக்காது. “வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம்” என்று பங்குத்தந்தை அவரை அனுப்பிவிட்டார்.

மறுநாள் பாடகர் குழுவிலுள்ள ஓர் இளைஞர் வந்தார். கடைத்தெருவில் கணிப்பொறி பழுது பார்ப்பவர். அவர் பொறியைத் தொடுமுன் எங்களைத்தான் கேட்டார்: கடைசியாக என்று நன்றாக ஓடியது? அதற்குப் பின் என்ன மாறியது? புதிதாக எதையேனும் பொருத்தினீர்களா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தொடங்கலன்னா உள்ள இருக்கறது போச்சுன்னு அர்த்தம் இல்ல ஃபாதர். முதல்ல உள்ள இருக்கறதைக் காப்பாத்துவோம், பிறகு சீக்கு என்னன்னு தேடுவோம்” என்றார். ஹார்டு டிஸ்கைக் கழற்றி, தாம் கொண்டுவந்திருந்த வேறொரு பொறியில் பொருத்தினார். உபதேசியாரின் கோப்பு அதில் எழுத்துக் குறையாமல் இருந்தது. நகலெடுக்கும்வரை நாங்கள் யாரும் பேசவில்லை.

அட்டவணை கிடைத்துவிட்டது, ஆயினும் இளைஞர் பொறியை விடவில்லை. மின்னிணைப்பை அகற்றினார். தூசியை மென்தூரிகையால் துடைத்தார். நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் இலேசாகத் தேய்த்து மீண்டும் பொருத்தினார், பயனில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றினார். மாற்றியதைத் தாளில் குறித்துக்கொண்டார். இரண்டை ஒருசேர மாற்றினால் எது குணமாக்கியது என்பது தெரியாமற் போகும் என்றார். பின்னர்ப் பொறியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். அங்கே கடிகாரம் 2010 ஜனவரி 1 என்று காட்டியது. அவர் முகம் மலர்ந்தது. “எல்லாம் இதுலதான்” என்றார்.

மதர்போர்டில் ஒரு நாணயம் போன்ற பேட்டரி இருக்கிறது. குறுக்களவு 20 மில்லிமீட்டர்; 3 வோல்ட் திறன். பொறி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதும், சில அமைப்புக் குறிப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதன் பணி. சுவர் மின்சாரம் இணைந்திருக்கும்வரை பேட்டரிக்குச் சுமையில்லை. எட்டாண்டு முதுமையடைந்த அது, மூன்று வார இருளில் தன் எஞ்சிய உயிரையும் இழந்துவிட்டது. குறிப்புகள் மறந்தன, பொறி பிறந்தபோதிருந்த நிலைக்குத் திரும்பியது. அக்குறிப்புகளில் ஒன்று, ஹார்டு டிஸ்குடன் எம்முறையில் பேசவேண்டும் என்பது. பழைய முறை ஒன்று, புதிய முறை ஒன்று என இரண்டு உண்டு. எங்கள் பொறியில் விண்டோஸ் புதிய முறைக்கென நிறுவப்பட்டது. பொறியோ பழைய முறைக்கு மாறிவிட்டது. எனவே தட்டு தன்னெதிரில் இருந்தும் அதைப் படிக்க இயலாமல், வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தது. முப்பது ரூபாய்ப் பேட்டரி ஒன்றை மாற்றி, அந்த ஒரு குறிப்பைத் திருத்தினார். பொறி எழுந்தது.

உள்ளே எழுதப்பட்ட எதுவும் அழியவில்லை. அதைப் படிக்கும் முறை மட்டுமே மறந்துபோயிருந்தது. ‘போய்விட்டது’ என்று ஒருவர் துடைத்தெறிய முற்பட்டது, முழுமையாக அங்கேயே இருந்தது. அன்று மாலை எங்களுக்குள் இதைத்தான் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டோம்.

நான்காம் நாள் மூதாட்டியின் தந்தை பெயரையும் ஊரையும் கொண்டு தேடினோம். ஏட்டின் எண்ணும் பக்கமும் கிடைத்தன. பங்குத்தந்தை அந்தப் பக்கத்தை மெல்லத் திறந்தார். 1947ஆம் ஆண்டு, பிறந்த எட்டாம் நாள், தந்தை, தாய், ஞானப்பெற்றோர் பெயர்கள், குழந்தைக்குச் சூட்டப்பட்ட ஒரு புனிதையின் பெயர். அப்பெயரைப் படித்துக் காட்டியபோது மூதாட்டி நெடுநேரம் அசையாமல் நின்றார். “அப்ப என் பேரு இங்கேயேதான் இருந்திருக்கா, சாமி?” என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்ல நா எழவில்லை.

திருமுழுக்கு ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது என்பது திருச்சபையின் போதனை. பாவம் அதன் பயனைத் தடுக்கக்கூடும். முத்திரையை அழிக்க இயலாது என்று 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் 1272ஆம் எண்ணில் கூறுகிறது. சிறு வயது முதல் மனப்பாடமாக அறிந்ததுதான். ஆனால், தன் பெயரையே அறியாத குழந்தைமேல் பிறர் கையால் எழுதப்பட்ட அந்த முதல் எழுத்து, அவரே அறியாமல் எழுபத்திரண்டு ஆண்டுகள் அவருக்காகக் காத்திருந்ததைக் கண்ணால் கண்ட பின்பு, அப்போதனை எங்களுக்கு வேறொரு கனத்தோடு விளங்கிற்று.

நம் இல்லங்களிலும் பங்குகளிலும் தொடங்க மறுப்பவர்கள் எத்தனை பேர்! கோவில் வாசல்வரை வந்து திரும்பிவிடும் மகன், மதுவில் மூழ்கிய கணவர், பேச்சையே நிறுத்திவிட்ட பெண். “இவர் இனி அவ்வளவுதான்” என்று சொல்லிவிட ஒரு மணி நேரம்கூடத் தேவையில்லை. அந்த இளைஞர் செய்த வரிசையை நாம் எண்ணிப் பார்க்கலாம். தொடுமுன் கேட்டார்: கடைசியாக என்று நலமாக இருந்தீர், அதன்பின் என்ன மாறியது? உள்ளிருப்பதை முதலில் காத்தார். ஒன்றை மாற்றிவிட்டுப் பொறுத்திருந்து பார்த்தார். பெரும் பழுதைத் தேடும் கண்களுக்குத் தப்பிவிடும் சிறு பேட்டரியையும் நோக்கினார். மனிதரிடத்தில் இவ்வளவு பொறுமை காட்டுவது கடினம். பொறியைவிட மனிதருக்கு அது மிகுதியாகத் தேவை.

திருமுழுக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் அருகே ஓர் ஓரப்பகுதி உண்டு. பின்னாளில் பெறும் உறுதிபூசுதலும் திருமணமும் அங்கே குறிக்கப்படும். அந்தக் குழந்தையின் பெயருக்கு அருகில் அப்பகுதி வெறுமையாகவே கிடந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஆயர் எங்கள் பங்கிற்கு வருகை தந்தபோது, மூதாட்டி உறுதிபூசுதல் பெற்றார். மறுநாள் பங்குத்தந்தை அந்த ஏட்டைத் திறந்து, பழுப்பேறிய பழைய எழுத்தின் பக்கத்தில், கருநீல மையில், 2019 என்று எழுதினார்.