தள்ளுமுள்ளு

குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அருவியைப் பற்றித்தான் பேசுவார்கள். மேலகரம், இலஞ்சி, தென்காசி ஆட்களான எங்களுக்குப் பேரருவிக் குளியலில் பாதி தண்ணீர், பாதி கூட்டம். சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் அருவிக்கு அடியில் யாரும் இடம் தரமாட்டார்கள், நாமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோளைச் சாய்த்து, முழங்கையைக் கொஞ்சம் விரித்து, எண்ணெய் வழுக்குகிற இரண்டு முதுகுகளுக்கு நடுவே புகுந்து, கம்பியைப் பிடித்துத் தலையைக் கொடுத்துவிட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பின்னால் இருந்து ஒரு கை முதுகில் விழும். "ஏல, நீயே நின்னா நாங்க எப்பல குளிக்க?" கேட்டவர் யாரென்று திரும்பிப் பார்ப்பதுகூடக் கிடையாது. மேலே இருந்து இறங்குகிற தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து, அங்கே பாதி வேகத்தை விட்டுவிட்டுத்தான் நம் தலைக்கு வருகிறது. கூட்டத்தின் வேகத்தைக் குறைக்க அப்படி ஒரு பள்ளம் கிடையாது.

அந்தத் தள்ளு எனக்கு இப்போது கிடைப்பதில்லை.

வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செங்கோட்டை ரோடு, ராத்திரி, பைக், லாரி. இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை. இந்தப் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் இதே நாலு சொல்லில் ஒரு கதை இருக்கும்.

போன சீசனில் கூட்டாளிகள் கூட்டிப் போனார்கள். அருவிக்கென்றே ஒரு ஜெய்ப்பூர் கால் வைத்திருக்கிறேன். தினமும் போடுகிற காலை நனைக்க முடியாது. ஜெய்ப்பூர் காலுக்கு அந்தப் பயம் இல்லை. 1968-இல் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கிய ரப்பர் பாதம் அது. செருப்பில்லாமல் நடக்கிறவர்களையும், சம்மணம் போட்டு உட்காருகிறவர்களையும், வயலில் இறங்குகிறவர்களையும் மனதில் வைத்துச் செய்தது. நம்மூருக்கு அதைவிடத் தோதான கால் கிடைக்காது. ஈரப்பாறையில் அது தடுமாறியது உண்மைதான், ஆனால் தடுமாறாத கால் எது அங்கே? பிரச்சினை பாறையில் இல்லை. என்னைப் பார்த்ததும் ஒருவர் குரல் கொடுத்தார்: "எப்பா, தம்பிக்குக் கொஞ்சம் வழி விடுங்கப்பா." கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கம்பி ஓரத்தில் நாலு பேர் நிற்கிற இடம் எனக்கு மட்டும். முன்பின் தெரியாத அண்ணாச்சி ஒருவர் என் அக்குளில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டார். "பயப்படாம நில்லுங்க தம்பி, நான் இருக்கேன்." என் இரண்டு பக்கமும் தண்ணீர் வெறும் பாறையில் கொட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேரருவியில் நான் குளித்ததில்லை. போதும் என்று சொல்ல ஓர் ஆளும் இல்லை.

அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் விலகித்தான் இருப்பேன். ஆனாலும் திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு யாரையாவது இடிக்க வேண்டும்போல இருந்தது.

கால் போவதற்கு முன் நான் ஓடியது 1500 மீட்டர். 100 மீட்டரில் ஆளுக்கொரு பாதை உண்டு. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி யாரும் வர முடியாது. 1500-இல் வளைந்த ஒரே கோட்டில் எல்லோரும் நெருக்கி நிற்பார்கள். துப்பாக்கி வெடித்ததும் அத்தனை பேரும் உள்விளிம்புக்குப் பாய்வார்கள். முதல் இருநூறு மீட்டர் முழுக்க முழங்கைதான். முன்னால் போகிறவன் குதிகால் நம் முட்டியில் படும். பின்னால் வருகிறவன் மூச்சு கழுத்தில் அடிக்கும். நாலு பேருக்கு நடுவில் 'பெட்டி'க்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வரத் தோளைத்தான் நம்ப வேண்டும். விடியுமுன் தென்காசியில் இருந்து குற்றாலத்துக்குச் சாரலில் ஓடி, அருவியில் குளித்து, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பினால் அன்றைய பயிற்சி முடிந்தது. நெருக்கடியில் இடம் பிடிக்க மைதானத்தில் படித்ததைவிட அருவியில் படித்தது அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் மாரியப்பனைத் தெரியும். "சேலத்துப் பையன் தாண்டலையா? நீ ஏன் முடங்கிக் கிடக்க?" மாரியப்பன் தங்கவேலு எனக்கும் ஆதர்சம்தான். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில், ரியோவில் 2016-இல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஆனால் பஸ் ஏறி அவர் கால் சிதைந்தபோது வயது ஐந்து. விட்டுவந்த ஓட்டம் என்று அவருக்கு ஒன்று இருக்கவில்லை. எனக்கு இருக்கிறது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னால் வியாக்கியானம் பேசுகிறான் என்பார்.

நான் யோசித்துக்கொண்டே இருப்பது சுமித் அந்திலைப் பற்றி. ஹரியானாவின் சோனிபத்தில் மல்யுத்தம் பழகிய பையன். 2015-இல் பைக் விபத்தில் இடது காலை இழந்தார். பிறகு ஈட்டி எடுத்தார். டோக்கியோ இறுதிப் போட்டியில் ஒரே நாளில் மூன்று முறை உலக சாதனையைப் புதுப்பித்து 68.55 மீட்டரில் நிறுத்தினார். பாரிஸில் 70.59 எறிந்து மறுபடியும் தங்கம். அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது ஈட்டி எங்கே விழுகிறது என்பதைவிட, ஓடுபாதையில் அவர் தனியாக நிற்பதுதான் எனக்குப் படுகிறது. நெற்றியோடு நெற்றி முட்டி, எதிராளியின் வியர்வையில் வழுக்கிப் பழகிய உடம்பு அது. அருணிமா சின்ஹாவும் அப்படித்தான். ஆறு பேரில் ஒருவராக வாலிபால் ஆடியவர். 2011-இல் சங்கிலி பறிக்க வந்தவர்கள் ஓடும் ரயிலில் இருந்து தள்ளிவிட்டதில் ஒரு கால் போயிற்று. இரண்டே வருஷத்தில், 2013 மே 21 அன்று, எவரெஸ்டில் நின்றார். உலகம் கைதட்டியது, நானும் தட்டினேன். பழைய ஆட்டம் ராத்திரியில் ஞாபகம் வருமா என்று அவர்களிடம் கேட்க எனக்கு ஆசை. பேட்டி எடுக்கிறவர்கள் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கார்பன் பிளேடு வாங்கினால் ஓடலாம் என்கிறார்கள். அந்த வளைந்த பாதத்தைக் கண்டுபிடித்த வான் பிலிப்ஸ் என்ற அமெரிக்கரும் இருபத்தொரு வயதில் காலை இழந்தவர்தான். விலை ஒரு பக்கம் இருக்கட்டும். செயற்கைக் காலில் ஓடுகிறவர்களுக்குப் பாராலிம்பிக்கில் 1500 மீட்டரே கிடையாது. பாரிஸ் 2024-இல் பார்வை இல்லாதவர்களுக்கு இருந்தது, கை இழந்தவர்களுக்கு இருந்தது, சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கும் இருந்தது. என்னைப் போல ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லாத ஆண்களுக்கு 100, 200. இரண்டு காலும் இல்லாதவர்களுக்கு 400. மூன்றுமே தனித்தனிப் பாதை. அங்கேயும் என்னை இடிக்க ஆள் இல்லை.

இல்லாத கால் மட்டும் இன்னும் இடி வாங்குகிறது. ஒருமுறை முதல் வளைவில் எவனோ ஸ்பைக்கோடு என் சுண்டுவிரலை மிதித்தான். நகம் போய்விட்டது. அந்த விரல் இப்போது இல்லை, வலி அதே இடத்தில் அதே மாதிரி வருகிறது. வெட்டுவதற்கு முன்னால் பட்ட வலியை மூளை இப்படிச் சேர்த்து வைப்பது உண்டாம். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதற்கு ஒரு கண்ணாடி வைத்தியம் கண்டுபிடித்தார். இருக்கிற காலின் பிம்பம், இல்லாத கால் இருந்த இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்த வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி நான் அம்மாவின் பழைய நிலைக்கண்ணாடியைப் பக்கவாட்டில் கால்களுக்கு நடுவே நிறுத்தி, இடது விரல்களை மடக்கி மடக்கி விரிக்கிறேன். கண்ணாடிக்குள் வலது கால் விரிகிறது. பிடிப்பு தளர்கிறது. சுண்டுவிரல் வலி மட்டும் போகவில்லை. போகச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

சாரல் காலத்தில் இன்னொரு தொல்லை, மிச்சக் காலில் மாட்டுகிற ஸ்டம்ப் சாக்ஸ் காயாது. பொழுது போகப் போக மிச்சக் கால் கொஞ்சம் வற்றும், சாக்கெட் லொடலொடக்கும், மேலே இன்னொரு சாக்ஸ் மாட்ட வேண்டும். அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுகிறாள். அதனால் ஆனி, ஆடியில் என் காலில் எப்போதும் தாளித்த வாசம். ஊரில் என்னை இன்னும் மதிக்காமல் தள்ளுவது ஒன்றே ஒன்றுதான், தென்காசிக் கோபுர வாசல் காற்று. சாயங்காலம் சும்மாவாவது போய் அதற்கு எதிரே நின்றுவிட்டு வருகிறேன்.

கொஞ்ச நாளாகச் செல்போனில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து பார்க்கிறேன். மாதவி லதா என்பவர் இந்தியாவில் அதற்கொரு கூட்டமைப்பைத் தொடங்கியது சென்னையில்தான். போலியோ வந்தவர், முதுகுத்தண்டு அடிபட்டவர், கால் போனவர் எல்லோரும் ஒரே அணி. உடல் திறனைப் பொறுத்து ஆளுக்கு ஒன்று முதல் நாலரை வரை புள்ளி. களத்தில் இருக்கிற ஐந்து பேரின் கூட்டு பதினாலைத் தாண்டக் கூடாது. விதிப்படி நாற்காலியும் ஆட்டக்காரரின் உடம்புதான். பார்த்தால் வழிமறிக்கிறார்கள், சக்கரத்தோடு சக்கரம் மோதுகிறது, ஒருவர் நாற்காலியோடு கவிழ்கிறார், கையை ஊன்றி எழுகிறார், ஆட்டம் அவருக்காக நிற்பதில்லை. அக்குளில் கை கொடுக்க எந்த அண்ணாச்சியும் ஓடி வருவதில்லை.

அம்மாவிடம் சென்னைக்குக் கூடைப்பந்து பழகப் போகிறேன் என்று சொன்னேன். தாளித்துக்கொண்டே கேட்டாள்: "உக்காந்து விளையாடுதது தானே? அடிகிடி படாதுல்லா?"

படாது என்று சொல்லிவிட்டுப் பொதிகையில் டிக்கெட் போட்டேன்.