கீரியின் கோரைப்பல்

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டின் பின்புறப் புதரில் சாம்பல் கீரியொன்று குடியிருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் கடல் கடந்துபோன அதன் சிறிய உறவே நினைவிலெழுகிறது. கரும்புத் தோட்டத்து எலிகளைத் தின்பதற்கென 1872-இல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்குச் சிறு கீரிகள் ஒன்பது கொண்டுசெல்லப்பட்டன. (கரும்புக்காகக் கப்பலேறியோரில் நம்மவரும் உண்டு.) இங்கே பெரிய கீரிகளோடு இரையைப் பங்கிட்டு வாழ்ந்தவரை சிறுத்திருந்த இனம் அது. அப்போட்டியற்ற தீவுகளில் ஆண் கீரிகளின் மண்டையோடு நீண்டது, கோரைப்பல் தடித்தது. அதுவும் ஒரு நூற்றாண்டு சொச்சத்தில்! சிறுமை அதன் இயல்பா, அயலார் விட்டுவைத்த இடத்தின் அளவா என்னும் கேள்வி என்னை விடுவதில்லை.

பாம்பை ஒழிக்க 1979-இல் ஜப்பானின் அமாமித் தீவில் விடப்பட்ட கீரிகள், அவ்விடத்துக் கருமுயல்களைத் தின்றன. 2024-இல், அங்கே கீரி அறவே ஒழிந்ததாக அறிவித்தார்கள். முயலுக்காக மகிழ்ந்தேன், கீரிக்காகவும் மனம் கொஞ்சம் கனத்தது.