விலாசம்

உங்கள் விலாசத்தைச் சொல்ல எப்போதாவது கூச்சப்பட்டிருக்கிறீர்களா?

பெரும்பாலும் இருக்காது. மாம்பலம், வில்லிவாக்கம், அம்பத்தூர் என்று எதைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர், ‘அட, எங்க சித்தப்பா வீடுகூட அங்கேதான்’ என்று ஆரம்பிப்பார். பேச்சு வளரும். காபி வரும். ஆனால், விலாசத்தைச் சொன்ன நொடியில் ஒரு முகம் சட்டென்று மூடிக்கொள்வதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2002-ல் நாங்கள் மந்தைவெளியில் வாடகை வீட்டில் இருந்தோம். இரண்டு தெரு தள்ளி பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாய்க் கரையில் குடிசைகள். அங்கிருந்துதான் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருவார். பெயர் வேண்டாமே... நானும் என் மனைவியும் அவரை ‘அக்கா’ என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள். கூடவே அவருடைய மகன், ஏழெட்டு வயசுப் பையன் வருவான். அம்மா வேலை முடிக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பான். சும்மா இருக்க மாட்டான். ஒருநாள் அடுப்புக்கரியை எடுத்து காம்பவுண்ட் சுவரில் ஒரு பஸ் வரைந்துவிட்டான். ஜன்னல் ஜன்னலாக ஆட்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மீசை. பெண்களுக்கும்! ஹவுஸ் ஓனர் குதித்த குதியில் அக்கா பையன் முதுகில் நாலு வைத்தார். நான் சுண்ணாம்பு வாங்கி வந்து அடித்தேன். இரண்டு கோட்டிங் அடித்தும் அந்த பஸ் லேசாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

பிறகு, ஒரு காலையில் லாரி வந்தது. கரையோரம் அழகாகப் போகிறது என்றார்கள், ரயில் வரப்போகிறது என்றார்கள். குடம், பெட்டி, டி.வி., கோழிக்கூடை எல்லாம் லாரியில் ஏறின. ‘எங்கே அக்கா?’ என்றதற்கு, ‘துரப்பாக்கமாம் சார்... கண்ணகி நகராம். மாடி வூடு குடுக்கறாங்களாம்’ என்றார். பாக்கிச் சம்பளத்தோடு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தோம். அன்று ராத்திரி நான் என் மனைவியிடம் என்ன பேசினேன் தெரியுமா? ‘நாளைக்குப் பாத்திரத்துக்கு யாரையாவது சொல்லி வைக்கணுமே.’ அவ்வளவுதான். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால், அன்றைக்கு வெட்கம் வரவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2001 டிசம்பரில், மெரினாவிலிருந்து கண்ணகி சிலை அகற்றப்பட்டது. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலை. டீக்கடையில் நின்று நான் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். ‘ஒரு நகரத்தையே எரித்தவளுக்கு இந்த நகரத்தில் நிற்க இடமில்லையா?’ என்றெல்லாம். கைதட்டல்கூட வந்தது. 2006 ஜூனில் சிலை திரும்ப அதே கடற்கரைக்கு வந்தது. அவள் பெயர் வைத்த நகருக்கு லாரியில் போனவர்கள் திரும்பவில்லை. அவர்களுக்காக நான் எந்த டீக்கடையிலும் பேசவுமில்லை.

அக்கா ஆறு மாதம் விடாமல் வந்தார். விடியும் முன் கிளம்பி, ரெண்டு பஸ் மாறி. ஒருநாள் பத்து மணி ஆகிவிட்டது. ‘பஸ்ஸுலயே பாதி உசுரு பூடுது சார்’ என்றார். அடுத்த மாதம் வரவில்லை.

2000-ல் ஆள் குடியேற ஆரம்பித்த இடம் கண்ணகி நகர். கூவம் கரை, அடையாற்றங்கரை, கால்வாய்க் கரை என்று நகரத்தின் நடுவில் இருந்தவர்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம். பதினைந்தாயிரத்துக்கும் மேல் வீடுகள். பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால், நாட்டிலேயே மிகப் பெரிய மறுகுடியிருப்புகளில் ஒன்று. வேலை ஒருபக்கம், பள்ளிக்கூடம் ஒருபக்கம், வீடு மட்டும் இங்கே. வேலையில்லாத ஆயிரக்கணக்கான இளைஞர்களை ஓர் இடத்தில் அடைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஊர் என்ன செய்தது? ‘கண்ணகி நகரா... ஐயோ!’ என்று பெயர் வைத்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் ஓ.எம்.ஆரின் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே வீட்டு வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போவதற்குக்கூட விலாசம் குறுக்கே நின்றது.

அந்தப் பையன் பி.காம். முடித்துவிட்டு, 2014-ல் என்னைத் தேடி வந்தான். மீசை முளைத்திருந்தது. ‘அங்கிள், அம்மா உங்களைப் பாக்கச் சொன்னாங்க.’ எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். நானே அழைத்துப் போனேன். மேலாளர் நன்றாகத்தான் பேசினார். பயோடேட்டாவில் ‘துரைப்பாக்கம், சென்னை-97’ என்று இருந்தது. ‘துரைப்பாக்கத்துல எங்கப்பா?’ என்றார். பையன் என்னைப் பார்த்தான். ‘கண்ணகி நகர் சார்.’ மேலாளர் பேனாவை மூடினார். ‘சொல்லி அனுப்புறோம்.’ சொல்லி அனுப்பவேயில்லை. லிஃப்டில் இறங்கும்போது பையன் சொன்னான்... ‘பரவால்ல அங்கிள். எங்க ஏரியாவுல எல்லாருமே துரைப்பாக்கம்னுதான் எழுதுவோம். நேர்ல கேட்டா மட்டும் மாட்டிப்போம்.’

இப்போது 2020-க்கு வருவோம். அந்த வருஷத் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சி, சுவரோவியங்களுக்காகவே இயங்கும் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனம் ஆகியவை கைகோத்து, கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் பிரமாண்டமாக ஓவியங்கள் வரைய ஆரம்பித்தன. ஏற்கெனவே டெல்லி லோதி காலனியின் அரசு ஊழியர் குடியிருப்பில் செய்து பார்த்த விஷயம்தான். வெளிநாட்டு, உள்நாட்டு ஓவியர்கள் கிரேனில் ஏறி, மாடி மாடியாக வண்ணம் தீட்டினார்கள். ‘சென்னையின் முதல் கலை வட்டாரம்’ என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்து கொரோனா வந்து ஊரையே பூட்டியது.

எனக்குள் ஒரு சந்தேகப் பிராணி உண்டு. அது கேட்டது: ‘வீட்டுக்குள்ளே தண்ணி இல்ல, வெளியே ஓவியமா? பெயின்ட் கம்பெனிக்கு சுவர் கிடைச்சா கசக்குமா?’ உங்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம். தப்பில்லை.

2022-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். மூன்று மாடிச் சுவர் முழுக்க ஒரு குழந்தை முகம். பல் தெரியும் சிரிப்பு. அதற்குக் கீழே ஒரு கிழவர் இட்லி விற்கிறார். ஓவியத்தை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. என்னை மாதிரி வந்தவன்தான் பார்க்கிறான். அக்கா எனக்காக பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது.

‘படமெல்லாம் எப்படி இருக்கு அக்கா?’

‘நல்லாத்தான் கீது. எங்க பிளாக்குல வரையல. மேல் வூட்டு பாத்ரூம் தண்ணி நம்ம சமையக்கட்டுல ஒழுவுது சார். அதுக்கு யாரும் பெயின்ட் அடிக்கல’ என்று சிரித்தார். என் சந்தேகப் பிராணி வாலை ஆட்டியது. ஆனால், அக்கா முடிக்கவில்லை. ‘ஆனா ஒண்ணு... மின்ன ஆட்டோக்காரன் இங்க வரவே மாட்டான். இப்பக் கேட்டா, படம் வரைஞ்சிருக்காங்களே, அந்த எடமான்றான். பாதி பேர் வர்றான்.’

பாதி ஆட்டோ. இதை லாபக் கணக்கில் எழுதுவதா, நஷ்டக் கணக்கில் எழுதுவதா?

மகன் அப்போது ஓ.எம்.ஆரில் ஒரு கூரியர் ஆபீஸில் இருந்தான். சுவரைக் காட்டி, ‘அங்கிள், சின்ன வயசுல உங்க சுவத்துல ஒரு பஸ் வரைஞ்சதுக்கு முதுகு பழுத்துச்சு. இவங்களுக்கு கிரேன் வெச்சுக் குடுக்கறாங்க!’ என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அந்தச் சுண்ணாம்பு வாசனை வந்துபோனது.

கொலம்பியாவில் மெடெயின் என்று ஒரு நகரம். போதைப் பொருள் சக்கரவர்த்தி பாப்லோ எஸ்கோபாரின் ஊர் என்றால் உங்களுக்குப் புரியும். 1991-ல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு 380 கொலைகள் என்ற அளவில் நடந்தன. உலகத்திலேயே ஆபத்தான நகரம் என்று பெயர். நான் போனதில்லை. படித்ததுதான். 2004-ல் அங்கே மேயரானவர் செர்ஜியோ ஃபஹார்தோ. அரசியல்வாதி அல்ல, கணக்கு வாத்தியார். மிக அழகான கட்டடங்கள் மிக ஏழையான பகுதிகளில்தான் எழ வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மலைச்சரிவுக் குடிசைப் பகுதிகளுக்கு மேலே கேபிள் கார் போனது. சுற்றுலாவுக்கு அல்ல, வேலைக்குப் போகிறவர்களுக்கு. நூலகப் பூங்காக்கள் வந்தன. கமூனா 13 என்ற மலைப்பகுதியில் 28 மாடி உயரத்துக்குச் சமமான ஏற்றத்தில், 2011-ல் திறந்தவெளியில் எஸ்கலேட்டர் போட்டார்கள். மூச்சிரைக்கப் படியேறிய பாட்டிகள் நின்றபடியே மேலே போனார்கள். அந்த எஸ்கலேட்டரின் இருபக்கமும் உள்ளூர்ப் பையன்கள் வரைந்த ஓவியங்களைப் பார்க்கத்தான் இன்று உலகம் முழுக்கவிருந்து ஆட்கள் போகிறார்கள். ஹிப் ஹாப் பாடி வளர்ந்த அந்தப் பையன்களே வழிகாட்டிகள்.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. ஸ்பெயின் பெயரில் கட்டிய பிரமாதமான நூலகம் கட்டுமானக் கோளாறால் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஒன்றைக் கவனியுங்கள்... பஸ் மாறாமல் வேலைக்குப் போகும் வழியும் படம் வரையும் கையும் அங்கே ஒரே தெருவில் இருந்தன. நம்மூரில் முதலில் ஆளை வெளியே அனுப்பிவிட்டு, இருபது வருஷம் கழித்து வண்ணத்தை அனுப்பினோம்.

அந்த நகரத்தில் இன்னொன்றும் நடந்தது. 2002 அக்டோபரில் கமூனா 13-க்குள் ராணுவம் புகுந்தது. அதை ஒட்டிய காலத்தில் பலர் காணாமல் போனார்கள். ‘எங்கள் பிள்ளைகள் அந்தக் கட்டட இடிபாட்டுக் குவியலுக்கு அடியில்தான் இருக்கிறார்கள்’ என்று தாய்மார்கள் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிவந்தார்கள். யாரும் நம்பவில்லை. 2024 டிசம்பரில் அங்கே எலும்புகள் கிடைத்தன. 2025 ஜனவரியில் இளைஞர்கள், ‘அம்மாக்கள் சொன்னது சரிதான்’ என்ற பொருளில் ஒரு பெரிய சுவரோவியம் வரைந்தார்கள். ஓவியத்தால் பேர் வாங்கிய அந்த நகரத்தின் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அதன் மேல் பெயின்ட் அடித்து அழித்தது! பெரிய எதிர்ப்பு எழுந்து, திரும்ப வரைந்தார்கள். நானும் இரண்டு கோட்டிங் சுண்ணாம்பு அடித்தவன் என்பதால், மேயரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

யுனெஸ்கோ 2004-ல் ‘படைப்பாற்றல் நகரங்கள்’ என்று ஒரு கூட்டணி ஆரம்பித்தது. கலையை வைத்து நகரங்களை வளர்க்க ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் இசை நகரங்கள் பட்டியலில் மெடெயின் 2015-ல் சேர்ந்தது. சென்னை 2017-ல். எந்த இசைக்காக என்றால், மார்கழி சபாக்கள்தான் உடனே ஞாபகத்துக்கு வருகின்றன. கூவக் கரையில் சாவு வீட்டு வாசலில் விடிய விடியப் பாடிய கானாவும் இதே நகரத்து இசைதானே? பாடியவர்களில் எத்தனை பேர் இப்போது கண்ணகி நகரில் இருக்கிறார்களோ!

கொஞ்சம் நம்பிக்கையும் உண்டு. 2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம்.கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்கள் மீனவ மக்களோடு சேர்ந்து ஒரு விழா எடுத்தார்கள். சபாவில் கேட்ட கர்நாடக சங்கீதமும் தெருவில் கேட்ட பறையும் ஒரே மேடையில் ஏறின. ‘மீன்காரர்களுக்கு சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறார்களா?’ என்று கேலியும் வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால், அதுவரை அந்தக் குப்பத்துக்குள் கால் வைக்காத பெசன்ட் நகர்க்காரர்கள் அன்று மணலில் உட்கார்ந்தார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் பா.இரஞ்சித் முன்னெடுத்த ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி நடந்தபோது, கானா யாருடைய விருந்தாளியாகவும் வரவில்லை. மேடையே அதனுடையது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. பெண்கள் கபடியில் இந்தியாவுக்குத் தங்கம். துணை கேப்டன் கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். டி.வி., பேப்பர் என எல்லாமே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே எழுதின. அன்று ராத்திரி மகன் போன் செய்தான். பின்னால் பட்டாசுச் சத்தம். ‘அங்கிள், டி.வி-யில பாத்தீங்களா? எங்க ஏரியாப் பேரைப் பேரோட சேத்துச் சொல்றாங்க!’ அவனுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாதாம். மேல் வீட்டுத் தண்ணீர் இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்டேன். ‘அது ஒழுவுது அங்கிள்’ என்றான், அதைப் பற்றி இப்போது ஏன் கேட்கிறீர்கள் என்ற குரலில்.

தை மாதம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கச் சொல்லி, பத்திரிகையின் புரூஃபை எடுத்துக்கொண்டு அக்காவும் அவனும் வந்தார்கள். அச்சகத்துக்காரர் பழைய பழக்கத்தில், ‘துரைப்பாக்கம், சென்னை-97’ என்று போட்டிருந்தார். அக்கா, ‘அதே இருக்கட்டுமே... பொண்ணு வூட்டு சொந்தக்காரங்கெல்லாம் பாப்பாங்க’ என்றார். மகன் ஒன்றும் பேசவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தான். துரைப்பாக்கத்துக்கு முன்னால் ஓர் அம்புக்குறி போட்டு, ‘கண்ணகி நகர்’ என்று எழுதினான். பிறகு, அச்சகத்துக்காரருக்குப் புரியட்டும் என்று, அதைச் சுற்றி ஒரு கட்டம் கட்டி, பக்கத்தில் எழுதினான்: ‘பெரிய எழுத்தில்.’