வெயில் தாங்காத டிரான்ஸிஸ்டர்

தம்பூராவுக்கு ஜீவா வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல், அவ்வளவுதான். நூலைச் சற்று நகர்த்தியதும் மொட்டையாக ஒலித்த தந்தி தேனீபோல் இரையத் தொடங்கிவிடும். மேல்நாட்டு கிதார்க்காரர்கள் அந்த இரைச்சலை டிரான்ஸிஸ்டரிடம் கேட்டு வாங்கினார்கள். காலால் அமுக்கும் பெட்டி, பெயர் ‘ஃபஸ்’. 1966இல் லண்டனில் வெளியான ‘ஃபஸ் ஃபேஸ்’ பெட்டிக்குள் இரண்டே டிரான்ஸிஸ்டர்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை மிதித்துத்தான் உலகத்தைக் கலக்கினார்.

இந்த ஞானமெல்லாம் உத்திரமேரூரில் என் எதிர்வீட்டுப் பையன் போட்ட பிச்சை. அவன் சிலிக்கான் டிரான்ஸிஸ்டர் போட்டு ஒரு பெட்டி செய்திருந்தான். தெருநாய்கள் எழுந்து போயின.

“சிலிக்கான் ரொம்பப் பெருக்கும், தாத்தா. அலையோட தலையைக் கத்தி வச்சாப்பல சீவிடும். ஜெர்மானியம்னா மெத்துனு முறியும்” என்றான்.

ஜெர்மானியத்துக்கு இப்போது எங்கே போவது? பழைய ரேடியோக்களில் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஏஸி 128 என்று ஒரு ஜோடி இருக்கும். ஃபஸ் பெட்டிக்கும் ஏற்றது. ஆயாவின் அலமாரிமேல் அப்படி ஒரு ரேடியோ இருந்தது. அவள் புருஷன் வாங்கியது. அவர் போனபின் அதுவும் பேசவில்லை.

“அவரு திருப்பின குமிழு, தம்பி. உள்ளே இருக்கிறதை எடுத்துட்டா வெறும் டப்பாதானே?” என்று ஆயா என்னிடம் முறையிட்டாள். நியாயம் யார் பக்கம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மூன்றாம் நாள் அவளே ரேடியோவைத் துடைத்துக் கொண்டுவந்து பேரன் மடியில் வைத்தாள்.

“குமிழைத் தொடாதே. மத்தது உன் இஷ்டம்.”

பராந்தக சோழன் காலத்தில் இதே ஊரில் குடவோலைக்குப் பெயர் கொடுக்க வயது 35க்கு மேல், 70க்குள் இருக்கவேண்டும்; சொந்த மனை வேண்டும். பையனின் பரீட்சை அதற்கும் மேலே! கசிவு குறைவாக இருக்கவேண்டும். பெருக்கம் ஒன்றுக்கு 70, மற்றதற்கு 120 பக்கம். எப்படியோ இரண்டும் தேறின.

அன்று இரவு வாசித்தான். கரகரப்புத்தான், ஆனால் காதைக் கிழிக்காத கரகரப்பு. ஆயா தூணில் சாய்ந்து கேட்டாள். “ஸ்டேசன் சரியா விழாட்டி அவரு ரேடியோவும் இப்படித்தான் பேசும்” என்றாள்.

சித்திரை பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. சூடு பத்து டிகிரி ஏறினால் ஜெர்மானியத்தின் கசிவு ஏறக்குறைய இரட்டிக்குமாம். நடுப்பகலில் பெட்டி திக்கித் திணறிற்று. இப்போது பகலெல்லாம் அதைத் தண்ணீர்ப் பானையடியில் ஆயாதான் வைக்கிறாள்.

“அவருக்கும் வெயில் ஆவாது” என்கிறாள்.