வாசலுக்கு ஓர் இலக்கம்

நமது கல்லூரியிற் கற்கும் பொருட்டு 1972ஆம் ஆண்டில் யான் யாழ்ப்பாணம் வந்தபோது, அனுமதிப் படிவத்தில் ‘வதிவிட முகவரி’ என்றிருந்த இடத்தில் எதனை எழுதுவதென்று அறியாது நின்றேன். உடன் நின்ற மாணாக்கர் ஒழுங்கையின் பெயரையும் வீட்டின் பெயரையும் மளமளவென எழுதினர். எனக்கு எழுதக்கூடியதாயிருந்தது நானுஓயாவுக்கு அயலிலுள்ள ஒரு தோட்டத்தின் பெயர் மாத்திரமே.

தோட்டங்களை அறியாத அன்பர்களுக்குச் சிறிது விளக்குதல் வேண்டும். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த காம்பராக்கள். கோப்பிக் காலத்துத் துரைமார் வகுத்த முறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. அதனுள் நாங்கள் எழுவர். நெருக்கடி பழகிவிடும். பழகாதது ஒன்றுண்டு. குடும்பத்தில் ஒருவர் பெயரேனும் செக்ரோலில் உள்ளவரையில்தான் அக்காம்பரா எமக்கு. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் குடியிருப்போர்க்கு அது சொந்தமன்று. 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றோருமாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி பெரியப்பா குடும்பத்தினர் நானுஓயா நிலையத்திற் புகைவண்டி ஏறி இந்தியா சென்றனர். அந்தக் கிழமையே அவர்தம் காம்பராவில் வேறொரு குடும்பம் அடுப்பு மூட்டிற்று.

கல்லூரியை விட்டபின் எனக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. தோட்டத்துக் கடிதங்களெல்லாம் கந்தோருக்கே வரும். ஒன்பது நாள் அங்கே கிடந்து, பரீட்சை நாளுக்கு மறுநாள் என் கைக்கு வந்தது. எழுத்தறியாத தந்தையார் அக்கடிதத்தை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் நோவதற்கில்லை, முகவரி அப்படி.

இந்திய அரசின் உதவியுடன் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டத்தில், இன்றும் கொழுந்து பறிக்கும் தம்பி மனைவியின் பெயருக்கு ஒரு வீடு வாய்த்தது. (மேலும் 10,000 வீடுகள் தருவதாக 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் பாரதப் பிரதமர் மோடி அறிவித்தார். ஆயினும் லயங்களில் வாழ்வோர் தொகை இன்னும் பெரிதே.) காணி 7 பேர்ச். ஒரு பரப்பிலும் குறைந்ததோவென யாழ்ப்பாணத்து நண்பர்கள் நகைப்பர். நகைக்கட்டும், அதன் நான்கு எல்லையையும் என் அன்னையார் நாள்தோறும் கூட்டுகிறார்.

குடிபுகுந்த புதிதில் அவர் உறங்கவேயில்லை. “பக்கத்துக் காம்பரா இருமல்கூடக் கேக்கலியே தம்பி, ஆளுக இருக்காங்களா இல்லையான்னே தெரியல” என்றார். லயத்துக்கே மீள்வோமென்று இரண்டொரு முறை சொன்னதும் உண்டு. மகிழ்ச்சியை மட்டுமே எதிர்பார்த்துச் சென்ற எனக்கு அது பெரும் அதிர்ச்சி. அயலாரின் ஓசையே அவருக்கு இத்தனை காலமும் காவலாயிருந்ததென்பதை யான் எண்ணியதில்லை.

மூன்றாம் மாதம் சென்றபோது வாசலோரத்தில் ஒரு பேரிக்கன்று நின்றது. லயத்துப் பின்புறத்தில் அவர் நட்டவையெல்லாம் லீக்சும் கோவாவும். சில மாதங்களிற் பறித்துவிடத்தக்கவை. காய்ப்பதற்குப் பல்லாண்டு வேண்டும் மரமொன்றை, எண்பதை அணுகும் வயதில், முதன்முறையாக நட்டிருந்தார்.

சென்ற தைப்பொங்கலுக்கு அவர் பெயருக்கே, வீட்டிலக்கமும் எழுதி, ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினேன். தபாற்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்தாராம். அன்னையார்க்கு வாசிக்கத் தெரியாது. வாழ்த்தை விட்டுவிட்டு, உறையின்மேல் இருந்த இலக்கத்தை மட்டும் பேத்தியைக்கொண்டு இருமுறை வாசிக்கச் செய்தாராம்.